அப்வோட், டவுன்வோட்: வாக்களிப்போருக்கு ஒரு திறந்த மடல்

இணையத்தின் கேள்வி-பதில் தளங்களிலும் விவாதக் குழுக்களிலும் வாக்களிக்கும் வாசகர்களுக்கு,

அப்வோட், டவுன்வோட் என்ற இரண்டு அம்புக்குறிகளின் முதல் வேலை, ஒரு பக்கத்தில் எது மேலே நிற்கும், எது கீழே போகும் என்று முடிவு செய்வது. எழுதியவருக்குப் போய்ச் சேரும் பாராட்டும் கண்டனமும் அதன் பக்கவிளைவுகள். ஒரு கேள்விக்கு முப்பது பதில்கள் வந்திருந்தால் பெரும்பாலானோர் முதல் இரண்டு மூன்றைப் படித்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்த இரண்டு மூன்று எவை என்பதைத் தீர்மானிப்பவர்கள், முன்னால் வந்து படித்து வாக்களித்துவிட்டுப் போன முகம் தெரியாத வாசகர்கள். ஆகவே ஒவ்வொரு வாக்கும் அடுத்து வரப்போகும் வாசகருக்காகப் போடப்படுவது. எப்படி வாக்களிக்க வேண்டும் என்ற கேள்விக்கான விடை முழுவதும் இந்த ஒன்றிலிருந்தே வருகிறது.

வாசகர்களே வாசகர்களுக்காகத் தரம் பிரிக்கும் ஏற்பாடு, தொடக்கத்தில் இவ்வளவு எளிதாக இருக்கவில்லை. 1997-இல் தொடங்கிய ஸ்லாஷ்டாட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளத்தில் கருத்துகள் குவியத் தொடங்கியதும், வாசகர்களில் சிலரை அவ்வப்போது மதிப்பீட்டாளர்களாக அந்தத் தளம் தேர்ந்தெடுத்தது. அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது ஐந்தே புள்ளிகள். மூன்று நாளுக்குள் செலவிடாவிட்டால் அவையும் காலாவதியாகிவிடும். புள்ளியை வெறுமனே போட முடியாது: நுட்பமானது, தகவல் தருவது, வேடிக்கையானது, வம்புக்கு இழுப்பது போன்ற காரணங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே போட வேண்டும். மதிப்பிடும் விவாதத்தில் தானும் இறங்கிக் கருத்து எழுதக் கூடாது. 2005-இல் வந்த ரெடிட் என்ற விவாதத் தளம் இந்தக் கட்டுப்பாடுகளைக் கைவிட்டு, எல்லோருக்கும் இரண்டு அம்புக்குறிகளைக் கொடுத்தது. மூன்று ஆண்டு கழித்து, 2008 செப்டம்பரில் வந்த நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவும் அதே அம்புக்குறிகளை எடுத்துக்கொண்டது. வாக்களிப்பது சுலபமாயிற்று. ஆனால் காரணத்தை யோசிக்க வைக்கும் பட்டியல் மறைந்தபோது, அந்தப் பொறுப்பு முழுவதும் வாக்களிப்பவரின் மனச்சாட்சிக்குப் போய்விட்டது.

வாக்குகளைத் தளங்கள் வெறும் கூட்டல் கழித்தலாக எடுத்துக்கொள்வதில்லை. ரெடிட் 2008-இல் தன் மூலநிரலைப் பொதுவில் வைத்தபோது, முகப்பில் பதிவுகளை அடுக்கும் சூத்திரம் எல்லோருக்கும் தெரியவந்தது. அதில் நிகர வாக்கின் மடக்கை எடுக்கப்படுகிறது. 1 வாக்கிலிருந்து 10-க்கு ஏறும்போது கிடைக்கும் உயர்வும், 10-லிருந்து 100-க்கு ஏறும்போது கிடைக்கும் உயர்வும் ஒரே அளவு. நேரமும் கணக்கில் சேரும்: 100 வாக்கு பெற்ற ஒரு பதிவும், அதற்கு 12½ மணி நேரம் பிந்தி வந்து 10 வாக்கு பெற்ற பதிவும் ஒரே படியில் நிற்கும். அதாவது முதலில் வரும் பத்துப் பேரின் வாக்கும் அடுத்து வரும் தொண்ணூறு பேரின் வாக்கும் சம எடை. ஏற்கெனவே ஆயிரம் வாக்கு வாங்கிவிட்ட பதிவுக்கு இன்னொன்று சேர்ப்பதால் ஏறத்தாழ எதுவும் மாறாது. புதிதாக வந்த பதிவுகளின் பட்டியலைத் திறந்து, பொறுமையாகப் படித்து, நல்லதை மேலே தள்ளிவிடும் சிலர்தான் ஒரு குழுவின் தரத்தைக் காப்பாற்றுகிறார்கள். இவர்களுடைய எண்ணிக்கை கூடுவது எந்தக் குழுவுக்கும் நல்லது.

பதிவின் கீழே வரும் கருத்துகளுக்குக் கணக்கு வேறு. 2009-இல் ரெடிட் கொண்டுவந்த ‘பெஸ்ட்’ வரிசை, அமெரிக்கக் கணித அறிஞர் எட்வின் வில்சன் 1927-இல் தந்த சூத்திரத்தின் மேல் கட்டப்பட்டது. இதுவரை விழுந்த வாக்குகளை ஒரு மாதிரியாக எடுத்துக்கொண்டு, எல்லோரும் வாக்களித்தால் ஆதரவு குறைந்தபட்சம் எத்தனை சதவீதம் இருக்கும் என்று அது மதிப்பிடுகிறது. புள்ளியியலில் வழக்கமான 95 சதவீத நம்பக அளவில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 அப்வோட் மட்டும் பெற்ற கருத்தின் மதிப்பு சுமார் 96. ஒரு டவுன்வோட் விழுந்தால் 95. 10 அப்வோட் மட்டும் பெற்றது 72-இல் நிற்கும். ஒரு டவுன்வோட் அதை 62-க்கு இறக்கிவிடும். ஒரே ஒரு அப்வோட் பெற்ற கருத்து 21-இல் இருக்கும். அதன் மேல் ஒரு டவுன்வோட் விழுந்தால் 9. அதே டவுன்வோட், நிலைபெற்றுவிட்ட கருத்தின் மேல் ஒரு கீறல்கூடப் போடுவதில்லை. பிறந்து பத்து நிமிடமான கருத்தைப் பாதிக்கும் கீழே தள்ளிவிடுகிறது. மனம் போன போக்கில் போடப்படும் டவுன்வோட் அதிகமாகக் காயப்படுத்துவது, இன்னும் யாருமே சரியாகப் படித்துப் பார்க்காத எழுத்தைத்தான்.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் இது இன்னும் கடுமை. ஒரு கேள்வியின் நிகர மதிப்பு -1 ஆகவோ அதற்குக் கீழோ இருந்து, பதில் எதுவும் வராமல் முப்பது நாள் கடந்துவிட்டால், தளமே அதை நீக்கிவிடும். வேறு யாரும் கவனிக்காமல் விட்ட கேள்வியின் ஆயுளை ஒரு தனி மனிதரின் ஒரு சொடுக்கு முடித்துவிடலாம்.

வாக்குகளின் கூட்டுத் தீர்ப்பு நம்பத்தக்கது என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1906-இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் நடந்த கால்நடைக் கண்காட்சியில் ஒரு காளையின் இறைச்சி எடையை ஊகிக்கும் போட்டி நடந்தது. அதில் செல்லத்தக்க 787 சீட்டுகளை வாங்கி ஆராய்ந்த ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் கால்டன், ஊகங்களின் நடு மதிப்பு 1,207 பவுண்டு என்று 1907-இல் எழுதினார். உண்மையான எடை 1,198 பவுண்டு. அங்கே ஒவ்வொருவரும் அடுத்தவரின் சீட்டைப் பார்க்காமல் தன் கணிப்பை எழுதிக் கொடுத்தார்கள் என்பதுதான் இதில் முக்கியம். இணையத்தில் எண்ணிக்கை கண்முன்னே நிற்கிறது. அது கண்ணை இழுக்கிறது. கண் கையை இழுக்கிறது.

எவ்வளவு தூரம் இழுக்கிறது என்று லெவ் முச்னிக், சினான் ஆரல், ஷான் டெய்லர் ஆகிய ஆய்வாளர்கள் மூவர் அளந்து பார்த்தார்கள். செய்திகளை வாக்கால் வரிசைப்படுத்தும் ஒரு தளத்தில் ஐந்து மாதங்களில் வந்த லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகளை எடுத்து, குலுக்கல் முறையில் தேர்ந்த சிலவற்றுக்குப் பிறந்தவுடனேயே ஒரு பொய் அப்வோட் போட்டார்கள். வேறு சிலவற்றுக்கு ஒரு பொய் டவுன்வோட். சயன்ஸ் இதழில் 2013-இல் வெளிவந்த முடிவு இது: பொய் அப்வோட் பெற்ற கருத்தை அடுத்துப் பார்த்தவர் அதற்கு அப்வோட் போடும் வாய்ப்பு 32 சதவீதம் கூடியது, அதன் இறுதி மதிப்பு சராசரியாக 25 சதவீதம் உயர்ந்தது. பொய் டவுன்வோட்டை மற்ற வாசகர்கள் பெருமளவு சரிசெய்துவிட்டார்கள். அநியாயமாகத் தாழ்த்தப்பட்டதைக் கண்டால் கை கொடுக்கும் மனம் மக்களுக்கு இருக்கிறது. அநியாயமாக உயர்த்தப்பட்டதைக் கேள்வி கேட்கும் வழக்கம்தான் குறைவு. ஹேக்கர் நியூஸ் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் 2011 முதல் கருத்துகளின் வாக்கு எண்ணிக்கையை எழுதியவரைத் தவிர மற்றவர்களுக்குக் காட்டுவதில்லை. ரெடிட்டிலும் சில குழுக்கள் முதல் சில மணி நேரத்துக்கு எண்ணிக்கையை மறைத்து வைக்கின்றன. மறைக்காத இடங்களில் வாசகரே அதைச் செய்துகொள்ள வேண்டும்: முதலில் எழுத்து, பிறகு தன் தீர்ப்பு, கடைசியில் எண்.

படிக்காமலே வாக்களிப்பது இதைவிடப் பரவலான கோளாறு. ரெடிட் பயனர்கள் முன்னூற்றுச் சொச்சம் பேரின் ஓராண்டு நடவடிக்கையைப் பதிவு செய்த ஓர் ஆய்வு 2017-இல் வெளிவந்தது. வாக்களிக்கப்பட்ட பதிவுகளில் 73 சதவீதம், உள்ளே இருப்பதைத் திறந்துகூடப் பார்க்காமல் வாக்களிக்கப்பட்டவை என்று அது கண்டது. தலைப்பு பிடித்திருந்தது, கை அழுத்திவிட்டது. மற்றவர்கள் அந்த எண்ணைப் பார்த்து, பலர் படித்து ஏற்றுக்கொண்ட செய்தி இது என்று நம்புகிறார்கள். படித்ததாகச் சொல்லிப் பொய்க் கையெழுத்துப் போடுவதற்கு ஒப்பானது இது. நேரமில்லாதவர் வாக்களிக்காமல் கடந்து போவதில் எந்தக் குற்றமும் இல்லை.

பதில்களைப் பொறுத்தவரை படிப்பது மட்டும் போதாது. சில நேரம் செய்தும் பார்க்க வேண்டும். படிவத்தில் ஒருவர் தட்டச்சு செய்யும் பெயரைத் தரவுத்தளத்தில் சேர்ப்பது எப்படி என்று பிஎச்பி நிரல்மொழி கற்கும் ஒரு மாணவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் பதில், அந்தப் பெயரை அப்படியே எஸ்க்யூஎல் கட்டளையின் நடுவில் ஒட்டிவிடச் சொல்கிறது. நான்கே வரி, உடனே ஓடுகிறது. நன்றியோடு அப்வோட்டுகள் குவிகின்றன. டிசூசா என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும் ஒருவர் வரும்வரை எல்லாம் நன்றாகவே நடக்கும். அந்தப் பெயரின் முதல் எழுத்துக்கு அடுத்து வரும் ஒற்றை மேற்கோள் குறி, பெயர் அங்கேயே முடிந்துவிட்டதாகக் காட்டிவிடும். நிரல் பிழை காட்டி நிற்கும். அதே குறியைத் தெரிந்தே போட்டு, பின்னால் தன் சொந்தக் கட்டளையை எழுதுகிறவர் முழு அட்டவணையையும் அழிக்கலாம், திருடலாம். எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் என்று பெயர் பெற்ற தாக்குதல் இதுதான். பெயரையும் கட்டளையையும் தனித்தனியாக அனுப்பும் ‘ப்ரிபேர்ட் ஸ்டேட்மென்ட்’ முறையைச் சொல்லும் பதில், பத்து வரி கூடுதலாக இருப்பதால் மூன்றாவது இடத்தில் கிடக்கும். தன் கணினியில் ஓடியது என்ற ஒரே காரணத்துக்காக முதல் பதிலுக்கு வாக்களித்த ஒவ்வொருவரும், பின்னால் வந்த பலருடைய இணையத்தளத்தில் ஓட்டை போட்டிருக்கிறார்கள்.

இங்கே டவுன்வோட் ஒரு கடமை. தவறான மருத்துவக் குறிப்பு, மின்சாரத்தை நிறுத்தாமல் சுவிட்ச் பெட்டியைத் திறக்கச் சொல்லும் அறிவுரை, ஆதாரமில்லாமல் ஒருவரின் மேல் சுமத்தப்படும் பழி ஆகியவையும் இந்த வகை. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஒரு பதிலுக்கு டவுன்வோட் போட்டால், எழுதியவருக்கு 2 மதிப்புப் புள்ளி குறையும். போட்டவருக்கும் 1 குறையும். அப்வோட் போட 15 புள்ளி இருந்தால் போதும். டவுன்வோட்டுக்கு 125 வேண்டும். விலை வைத்ததன் நோக்கம் தயங்க வைப்பதே தவிரத் தடுப்பது அல்ல. தீங்கு தரும் பதிலைப் பார்த்தும் அந்த ஒரு புள்ளியை மிச்சம் பிடிப்பது, படித்தவருக்கு அழகில்லை.

சாட்ஜிபிடி வெளிவந்த சில நாட்களில், 2022 டிசம்பரில், அதை வைத்து எழுதப்படும் பதில்களை ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தடை செய்தது. பார்க்க ஒழுங்காகவும் தெளிவாகவும் இருந்த அந்தப் பதில்களில் பிழைகள் ஏராளமாக இருந்தன. சரிபார்க்காமல் ஒட்டுவோரின் வேகத்துக்குச் சரிபார்ப்போரால் ஈடுகொடுக்க முடியவில்லை. நடை சுத்தமாக இருப்பதைத் தரத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டு வாக்களிக்கும் பழக்கம், அந்த வாரத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

கருத்து வேறுபாட்டுக்கு டவுன்வோட் போடலாமா என்பது நெடுநாள் வழக்கு. விவாதத்துக்கு எதையும் சேர்க்காத எழுத்துக்கே டவுன்வோட், உடன்பாடில்லை என்பதற்காக அல்ல என்று ரெடிட்டின் நடத்தைக் குறிப்பு சொல்கிறது. ஹேக்கர் நியூஸைத் தொடங்கிய பால் கிரகாம், உடன்பாடின்மையைக் காட்டவும் அதைப் பயன்படுத்தலாம் என்றார். அவருடைய தளத்தில் டவுன்வோட் எல்லோருக்கும் கிடைப்பதில்லை, தனக்கு வந்த பதிலுக்கு ஒருவர் டவுன்வோட் போடவும் முடியாது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அடுத்து வரும் வாசகரை நினைத்துக்கொண்டால் வழக்கு எளிதில் தீரும். விடை ஒன்றே இருக்கக்கூடிய கேள்வியில், உடன்பாடில்லை என்றால் அந்தப் பதில் தவறு என்றே பொருள், டவுன்வோட் சரி. மதுவிலக்கு வேண்டுமா, நீட் தேர்வு இருக்கலாமா என்பது போன்ற கேள்விகளில் வாசகர் தேடி வருவது இரு பக்கத்தின் வலுவான வாதங்களை. எதிர்த்தரப்பின் ஆகச் சிறந்த வாதத்தைக் கீழே தள்ளிவிட்டால், மிஞ்சுவது ஒரே குரல். எதிர்த்தரப்பு வாதம் நேர்மையாக எழுதப்பட்டிருந்தால் அதற்கு அப்வோட் போடலாம். மனம் வராவிட்டால் சும்மா விடலாம். சினிமா ரசிகர் குழுக்களில் நாயகனின் பெயரைப் பார்த்ததும் கை போகும் திசையும் இதே கோளாறுதான்: படத்தின் குறையை விளக்கமாக எழுதியவர் அடியில் போய்விட, இரண்டு சொல் வாழ்த்து உச்சியில் நிற்கும்.

வாக்கு மனுவாக மாறிய ஒரு பெரிய நிகழ்ச்சியும் உண்டு. 2017 நவம்பரில், பணம் கொடுத்து வாங்கிய ‘ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரன்ட் 2’ விளையாட்டில் முக்கியப் பாத்திரங்களைத் திறக்கப் பல மணி நேரம் ஆட வேண்டியிருப்பதாக ஒருவர் ரெடிட்டில் குறைப்பட்டார். அந்த விளையாட்டை வெளியிட்ட எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் எழுதிய விளக்கத்துக்கு 6 லட்சத்துக்கும் அதிகமான டவுன்வோட்டுகள் விழுந்தன. ரெடிட்டில் அதிகம் டவுன்வோட் பெற்ற கருத்து என்று கின்னஸ் பதிவிலும் அது இடம்பெற்றது. பாத்திரங்களைத் திறக்கத் தேவையான விளையாட்டுப் புள்ளிகளை நிறுவனம் 75 சதவீதம் குறைத்தது. கோபம் நியாயமானது, பலனும் கிடைத்தது. ஆனாலும் இதை முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குறை சொன்னவர்கள் கேட்டதே நிறுவனத்தின் பதிலை. வந்த பதில், எவ்வளவு மோசமானதாக இருந்தாலும், எல்லோரும் படிக்க வேண்டிய ஒன்று. உலகமே பேசிய பதில் என்பதால் அது மறையவில்லை. ஒரு நகராட்சி அதிகாரியோ சிறு கடைக்காரரோ தன் பக்கத்தைச் சொல்லும்போது அதே கோபம் பாய்ந்தால், பதில் மடிந்து மறைந்துபோகும். அவர் மறுபடி பேச வரமாட்டார்.

எழுதியவரின் மேல் டவுன்வோட் என்ன செய்கிறது? திருத்தும் என்பது பொதுவான நம்பிக்கை. ஜஸ்டின் செங் என்ற ஆய்வாளரும் அவருடன் இருவரும் நான்கு செய்தித் தளங்களின் கருத்துப் பகுதிகளை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு மாறாகச் சொல்கிறது. எதிர்வாக்கு வாங்கியவர்கள் அதன் பிறகு அதிகமாக எழுதினார்கள். எழுத்தின் தரம் இன்னும் இறங்கியது. மற்றவர்களுக்கு அவர்கள் போடும் எதிர்வாக்குகளும் கூடின. எண் ஒன்று குறைந்ததைப் பார்ப்பவருக்கு எதனால் குறைந்தது என்று தெரிவதில்லை. வலி மட்டும் தெரிகிறது. ஆகவே, திருத்தக்கூடிய பிழைக்கு டவுன்வோட் போடுகிறவர் ஒரு வரியில் காரணமும் எழுதுவது நல்லது: ‘மூன்றாவது வரியில் உள்ள கட்டளை புதிய பதிப்பில் வேலை செய்யாது’ என்றால் போதும். வேண்டுமென்றே வம்பு செய்பவருக்கு விளக்கம் எழுதத் தேவையில்லை. நிர்வாகிகளுக்குத் தெரிவித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

மொழிப் பிழைக்காக ஒரு கேள்வியைத் தாழ்த்துவது மிக வருந்தத்தக்க பழக்கம். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவுக்கு ஸ்பானியம், போர்ச்சுகீசியம், ரஷ்யம், ஜப்பானியம் ஆகிய மொழிகளில் தனிப் பதிப்புகள் உண்டு, தமிழில் கிடையாது. தமிழ்வழியில் படித்துக் கல்லூரிக்கு வந்த மாணவி, தன் சந்தேகத்தைத் தெரிந்த ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறி எழுதுகிறார். நிரலையும் பிழைச் செய்தியையும் முழுதாகக் கொடுத்திருக்கிறார். இலக்கணம் மட்டும் சரியில்லை. அந்தத் தளத்தில் யாருடைய எழுத்துக்கும் யார் வேண்டுமானாலும் திருத்தம் முன்மொழியலாம். இரண்டு நிமிடம் செலவிட்டு வாக்கியத்தைச் செப்பனிட்டுக் கொடுத்தால், கேள்வி அடுத்தவருக்கும் பயன்படும். அந்த மாணவி அடுத்த கேள்வியையும் கேட்பார். இதைச் செய்யும் தகுதி, இரு மொழியும் தெரிந்த தமிழ் நிரலாளர்களுக்கு எல்லோரையும்விட அதிகம்.

நண்பர்களைத் திரட்டி வாக்களிப்பது, ஒருவரே இரண்டு மூன்று கணக்குகளிலிருந்து வாக்களிப்பது, இன்னொரு குழுவின் இணைப்பைக் கொடுத்துப் படையாகப் போய்த் தாக்குவது ஆகியவை பெரும்பாலான தளங்களில் விதிமீறல். ஒருவர் மேல் உள்ள கோபத்தில் அவருடைய பழைய பதில்களையெல்லாம் தேடித் தேடி டவுன்வோட் போடுவதும் அப்படித்தான். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் அத்தகைய தொடர் வாக்குகளைக் கண்டுபிடித்து ரத்து செய்ய ஒரு நிரல் நாள்தோறும் ஓடுகிறது. பிடித்தவர் எழுதியதையெல்லாம் அப்வோட் செய்வதையும் அதே நிரல் ரத்து செய்யும். சிறு படைப்பாளிகளைக் குறிவைத்து இப்படி நடந்த தாக்குதல்களைக் காரணம் காட்டித்தான், 2021 நவம்பரில் யூடியூப் டிஸ்லைக் எண்ணிக்கையைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்தது. அதனால், பயனற்ற செய்முறை வீடியோவை ஒரே பார்வையில் அடையாளம் காணும் வசதி கோடிக்கணக்கான பார்வையாளர்களிடமிருந்து போய்விட்டது. சிலரின் முறைகேட்டுக்கு எல்லோரும் கொடுத்த விலை அது.

வாக்குகளுக்கு வயதும் ஆகிறது. பைத்தான் நிரல்மொழியின் இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதி முடிந்தது. அந்தப் பதிப்புக்காக எழுதப்பட்டு நூற்றுக்கணக்கான வாக்கு வாங்கிய பதில்கள் இன்னும் மேலே இருக்கின்றன. கேள்வி கேட்டவர் ஏற்றுக்கொண்ட பதிலை எப்போதும் உச்சியில் நிறுத்தும் வழக்கத்தை 2021-இல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ விட்டது. அண்மை வாக்குகளுக்குக் கூடுதல் எடை தரும் வரிசையையும் அடுத்த ஆண்டு சேர்த்தது. இந்த ஏற்பாடுகள் பலிக்க வேண்டுமானால், தாமதமாக வருகிறவர்கள் கீழே வரை உருட்டிப் பார்த்து, இன்றைக்குச் சரியான பதிலுக்கு வாக்களிக்க வேண்டும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஒரு வாக்கு விழுந்து ஐந்து நிமிடம் கடந்தால் பூட்டிக்கொள்ளும். பதில் திருத்தப்பட்டால்தான் மறுபடி திறக்கும். பிழையைச் சுட்டிக்காட்டி டவுன்வோட் போட்டவர், எழுதியவர் அதைத் திருத்திய பிறகு திரும்பி வந்து தன் டவுன்வோட்டை எடுத்துவிட வேண்டும்.